கடைசிப் பிரதி உங்க அலமாரியில இருக்கலாம்: அதிகம் அறியப்படாத ஆல்பங்கள் (நீலகிரி – பழனிமலை இழை)

தொட்டபெட்டா_ரேடியோ

இந்த இழையில் ஆல்பம் பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போக வேண்டாம். யார் வாசித்தது, எந்த ஆண்டு, எந்தப் பதிப்பு, எங்கே தொடங்கிக் கேட்பது, இவ்வளவும் எழுதுங்கள். பெரிய பாடகரின் ஆல்பம் தொலைந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். கொஞ்சமாக அச்சடித்து, விற்காமல், மறுபதிப்பும் காணாத ஆல்பத்துக்கு அந்த வசதி கிடையாது. ஊட்டி, குன்னூர், கோடைக்கானல் வீடுகளில் பரணில் ஈரம் ஏறிக் கிடக்கும் கேசட்டோ எல்.பி.யோ மிஞ்சிய ஒன்றிரண்டு பிரதிகளில் ஒன்றாக இருக்கக்கூடும். அதனால் காப்பாற்றும் முறையையும் இங்கேயே பேசிவிடலாம்.

என் முதல் ஆல்பம் ‘ஜோதி’, 1983, ஜெர்மனியின் இ.சி.எம். நிறுவன வெளியீடு. பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவும் அமெரிக்க சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி மரியானோவும் சேர்ந்து செய்தது. பாட்டு ஆர்.ஏ. ரமாமணி, மிருதங்கம் டி.ஏ.எஸ். மணி, கடமும் மோர்சிங்கும் ஆர்.ஏ. ராஜகோபால், கஞ்சிரா டி.என். சசிகுமார். மரியானோ நாதஸ்வரம் கற்றவர். அந்தப் பயிற்சியை இந்த ஆல்பத்தில் அவர் ஊதும் சாக்ஸில் கேட்கலாம். ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்குப் படியேறாமல் இழைந்து போகிறார். ரமாமணி பிருகா போட்டு நிறுத்தும் இடத்தில் குறுக்கே பாயாமல் ஒரு மூச்சு விட்டுத்தான் உள்ளே வருகிறார்.

முதல் துண்டு ரமாமணி தனியாகப் பாடுவது. அதைத் தாண்டிப் போகாதீர்கள். கூடத்தின் கார்வையும் தம்புராவும் காதில் படிந்த பிறகுதான் அடுத்து வரும் ‘வந்தனம்’ முழு உயரத்துக்கு எழும்பும். சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டால் மோர்சிங் காணாமலே போய்விடும். ஹெட்ஃபோன் இருந்தால் நல்லது.

பூம்பாறை_பூண்டு

அண்ணே, நல்ல தொடக்கம். என் பங்குக்கு சரண்ஜித் சிங்கின் ‘டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’. 1982. பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் வாசித்த கலைஞர் அவர். ரோலண்டு கம்பெனியின் மூன்று கருவிதான் மொத்த ஆல்பமும்: ஜுபிடர்-8 கீபோர்டு, டி.ஆர்.-808 தாள இயந்திரம், டி.பி.-303 பேஸ் இயந்திரம். அப்போது ஓடவில்லை. 2010-ல் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஷிகாகோவில் ஆசிட் ஹவுஸ் என்று பெயர் வாங்கிய மின்னணு நடன இசையின் சத்தம் 1987-ல்தான் ரிக்கார்டாக வந்தது. அதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே ஏறக்குறைய அதே சத்தம் இதில் இருக்கிறது என்பதுதான் காரணம்.

நம்ம காதுக்கு இது இன்னும் சுலபம். ராகம் தெரிந்தவர்கள் இப்படிப் பிடித்துக்கொள்ளுங்கள்: பூபாளி என்று போட்டிருப்பது நம்ம மோகனம். மால்கௌன்ஸ் ஹிந்தோளம். யமன் கல்யாணி. கலாவதி வலஜி. பைராகி ரேவதி. ஹிந்துஸ்தானி தோடி நம்ம சுபபந்துவராளிப் பக்கம். அவங்க பைரவிக்கு நம்ம தோடியின் ஸ்வரங்கள். இதைத் தெரியாமல் கேட்டால் பத்தும் ஒன்று போலத்தான் இருக்கும், தாளம் மாறுவதே இல்லையே. முதலில் கலாவதி, பிறகு பைராகி. இரண்டுமே ஐந்து ஸ்வர ராகம், இயந்திரத்தில் வழுக்காமல் உட்காரும்.

303-ல் கவனிக்க வேண்டியது அதன் ‘ஸ்லைடு’. ஒரு ஸ்வரத்தைப் போடும்போதே அது அடுத்ததற்கு வழுக்கிப் போக வேண்டுமா என்று படிப்படியாகக் குறித்துக் கொடுக்கலாம். ஸ்வரத்தை அசைத்துப் பிடிக்கும் கமகம் அதில் வராது, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும் ஜாரு மட்டும் வரும். ஜாருவை வைத்தே அவர் ராகத்தைக் காட்டிவிடுகிறார்.

ஒன்று. 808-ன் அடி 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும். செல்ஃபோன் ஸ்பீக்கரில் அது வரவே வராது, வெறும் டிக்டிக் சத்தம்தான் மிஞ்சும். செல்லில் கேட்டுவிட்டு ‘மெலிசா இருக்கு’ என்று எழுதாதீங்க.

கூடலூர்_மழை

அப்படியென்றால் அதே 1982-ல் வந்த ரூபாவின் ‘டிஸ்கோ ஜாஸ்’ பக்கத்திலேயே இருக்க வேண்டும். ரூபா பிஸ்வாஸ், கல்கத்தாப் பாடகி. பதிவு கனடாவின் கால்கரியில், சரோத் ஆஷிஷ் கான். மொத்தம் நாலே பாட்டு. 2019-ல் நியூமெரோ குரூப் நிறுவனம் மறுபதிப்பு போட்டது. ‘ஆஜ் ஷோனிபார்’ கேட்டால் போதும், மற்றதற்கு நீங்களே போவீர்கள். சரோத் தந்தி அதிர்ந்து அடங்குவதற்குள் கிதார் அதே வரியை எடுத்துக்கொள்ளும் இடத்தைக் கேளுங்கள்.

பழைய ராக் வேண்டுமென்றால் ‘சிம்லா பீட்’ 1970, 1971 என்று இரண்டு எல்.பி. இருக்கின்றன. சிகரெட் கம்பெனி நடத்திய போட்டியில் தேறிய குழுக்களின் தொகுப்பு அவை. மதராஸின் ‘தி கன்ஃப்யூஷன்ஸ்’, ஷில்லாங்கின் ‘தி ஃபென்டோன்ஸ்’ எல்லாம் அதில்தான் கிடைக்கும். இந்தக் குழுக்களில் பலவற்றுக்குத் தனி ஆல்பமே இல்லை. அசல் அச்சுக்கு எக்கச்சக்க விலை சொல்கிறார்கள், மறுபதிப்பு போதும்.

மகீனெர் கோராகுலி தேடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கல்கத்தாக் குழு. 1977, 78, 79 என மூன்றே வெளியீடு. தேடினால் முதலில் வருவது 1995-ல் வந்த ‘ஆபார் போச்சோர் குரி போரே’. அது கௌதம் சட்டோபாத்யாய் தொகுத்தது, வேறு பாடகர்களும் குழுக்களும் பாடியது. 2006-ல் ‘பீகி பீகி’ என்று இந்திக்குப் போன மெட்டும் அந்தத் தொகுப்பில் உள்ளதுதான். அதைக் கேட்டுவிட்டு அசல் குழுவைக் கேட்டதாக எண்ணிவிட வேண்டாம். ‘ஹாய் பாலோபாஷி’ உள்ள 1977 வெளியீட்டிலிருந்து தொடங்குங்கள்.

கோத்தகிரி_டெக்

ஆல்பம் பேசறது சரிங்க. ஆனா இங்க பாதிப் பேர் கேசட்டை பரண்ல இருந்து எடுத்த கையோட டெக்ல போட்டு அமுக்கிடுவீங்க. அதை முதல்ல நிறுத்தணும்.

தென்மேற்குப் பருவத்துல கூடலூர், ஊட்டி. வடகிழக்குல குன்னூர், கோத்தகிரி, பழனிமலை. ரெண்டுல ஒண்ணு எப்பவும் நனைச்சுக்கிட்டேதான் இருக்கும். காத்துல ஈரப்பதம் 65–70 சதவீதத்துக்கு மேல நாள்கணக்கா நின்னா பூஞ்சை பிடிக்கும். நம்ம வீடுகள்ல மழைக்காலம் பூரா அதுக்கு மேலதான்.

கேசட்டை கையில எடுத்து, சன்னல் வழியா டார்ச்சைச் சாய்ச்சு அடிங்க. சுத்தியிருக்கிற நாடாவோட விளிம்பு வழவழன்னு, பழுப்பா, ஒரே சீரா பளபளக்கணும். அரிசி மாவு தூவினாப்புல வெள்ளைப் புள்ளியோ, சிலந்தி நூல் மாதிரி இழையோ தெரிஞ்சா அது பூஞ்சை. ஓட்டினா மூணு கெடுதல்: டெக்ல நாடாவைப் படிக்கிற ஹெட்ல அப்பிக்கும், ஒட்டியிருக்கிற இடத்துல நாடாவோட பூச்சு உரிஞ்சு வரும், அடுத்து போடற நல்ல கேசட்டுக்கும் பரவும்.

செய்ய வேண்டியது:

முதல்ல காய வைக்கணும். ரப்பர் வளையம் வெச்ச காத்துப்புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட ரெண்டு வாரம். பத்து கேசட்டுக்கு கால் கிலோ ஜெல் போடுங்க. வெயில்ல வைக்காதீங்க, அடுப்புக்கிட்ட வைக்காதீங்க, கேசட்டோட பிளாஸ்டிக் ஓடு வளைஞ்சிடும். ஈரமா இருக்கிற பூஞ்சை துடைச்சா இழுவிக்கிட்டுப் போகும். காய்ஞ்சது பொடியாகி உதிர்ந்திடும், அதுக்குத்தான் இந்த ரெண்டு வாரம்.

அப்புறம் என்-95 மாஸ்க் போட்டுக்கிட்டு, வீட்டுக்கு வெளியில. ஓட்டோட அஞ்சு ஸ்க்ரூவைக் கழட்டி, மேல் மூடியைத் தூக்குங்க. உருளை ரெண்டும் இடம் மாறாம இருக்கணும், அதனால முதல்லயே ஒரு ஃபோட்டோ. விளிம்பை மென்மையான பிரஷ்ஷால உள்ளேயிருந்து வெளிப்பக்கமா தட்டுங்க. மூடி போட்டபிறகு, ஆறுபட்டைப் பென்சிலை ஓட்டைக்குள்ள விட்டு மெதுவா சுத்திக்கிட்டே, வெளிய தெரியற நாடாவை நூல் உதிராத துணியால லேசா பிடிச்சுத் துடைங்க. துணி உலர்ந்தே இருக்கணும். நாடா மேல ஸ்பிரிட்டும் கூடாது, தண்ணியும் கூடாது.

ஸ்க்ரூ இல்லாம ஒட்டின ஓடா இருந்தா, இணைப்புக் கோட்டுல பிளேடு விட்டுப் பிளந்து, உருளைகளை மட்டும் ஸ்க்ரூ வெச்ச வேற ஓட்டுக்கு மாத்திடணும். நாடா அறுந்திருந்தா அதுக்குன்னே விக்கிற ஒட்டு நாடாவைப் போடுங்க. செல்லோடேப் போட்டா அதோட பசை கசிஞ்சு அடுத்த சுத்தோட ஒட்டிக்கும்.

பூம்பாறை_பூண்டு

அண்ணே, பூஞ்சையே இல்லை, ஆனாலும் சத்தம் கம்பளிக்குள்ளேயிருந்து வருகிற மாதிரி இருக்கு என்றால்?

கோத்தகிரி_டெக்

ரெண்டு இடம் பாருங்க தம்பி.

ஒண்ணு, கேசட் வாய்ல நடுவுல செம்புப் பட்டை மேல ஒட்டியிருக்கிற சின்ன ஃபெல்ட் பஞ்சு. இதுதான் நாடாவை ஹெட்டோட அழுத்திப் பிடிக்குது. பசை காய்ஞ்சு பஞ்சு விழுந்திருந்தா மேல்ஸ்தாயி மொத்தமும் போயிடும், சத்தம் ஏறி இறங்கும். வேண்டாத கேசட்ல இருந்து பட்டையோட கழட்டி மாட்டுங்க. மூணு நிமிஷ வேலை.

ரெண்டு, ஹெட்டோட சாய்வு, அஸிமத். ஹெட்டுக்குப் பக்கத்துல ஸ்பிரிங் வெச்ச ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். கடை கேசட்டெல்லாம் வேகமா நகலெடுத்தது, ஒவ்வொண்ணுக்கும் சாய்வு மாறும். ஏ பக்கத்துக்கும் பி பக்கத்துக்குமே மாறும். டெக்ல இரைச்சல் குறைக்கிற டால்பி வசதியை நிறுத்திடுங்க. ரெண்டு சேனலையும் சேர்த்து மோனோவா வெச்சு, ஜால்ராவோ சிம்பலோ வர்ற இடத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டுங்க. ஸ்க்ரூவை அரைக்கால் சுத்துக்கும் குறைவா இப்படி அப்படி நகர்த்தினா, ஒரு இடத்துல ‘ச்சிங்’னு திறந்துக்கும். அதுதான் இடம். காந்தம் ஏறின இரும்பு ஸ்க்ரூடிரைவர் ஹெட்டையும் காந்தமாக்கிடும், அதனால பிளாஸ்டிக்தான். ஆரம்ப நிலையை மார்க்கர்ல குறிச்சு வெச்சுக்கிட்டா, வேலை முடிஞ்சதும் திருப்பி வெச்சிடலாம்.

இதுக்கு முன்னாடி 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல காது குடையற பட்ஸை நனைச்சு ஹெட்டை துடைச்சிருக்கணும். அழுக்கு ஹெட்ல அஸிமத் பார்த்தா அத்தனையும் வீண்.

தொட்டபெட்டா_ரேடியோ

இதனால்தான் இரண்டையும் ஒரே இழையில் வைக்கச் சொன்னேன். ஆல்பம் மந்தமாக இருக்கிறது, பதிவு சரியில்லை என்று ஒதுக்கப்பட்ட கேசட்டுகளில் பலவற்றுக்குக் குறை இந்த ஸ்க்ரூவில்தான். பெயர் பெற்றவர்கள் என்றால் ‘நம்ம டெக்தான் சரியில்லை’ என்று மறுபடி கேட்பார்கள். பெயர் தெரியாத குழுவுக்கு அந்த இரண்டாவது வாய்ப்பை யாரும் கொடுப்பதில்லை. அது அநியாயம்.

டால்பி பற்றி ஒரு வார்த்தை. உறையில் டால்பி முத்திரை இருந்தால் அஸிமத் சரிசெய்த பிறகு டால்பி-பி போடுங்கள். முத்திரை இல்லாத கேசட்டுக்குப் போட்டால் மேல்ஸ்தாயி செத்துவிடும்.

அரவேணு

நம்ம மலைக்காரங்க இசையை யாரும் சொல்லலையே. படுகர்களின் படுகு மொழிப் பாட்டுக் கேசட்டுகள், ஊர்த் திருவிழாக்களில் எடுத்த பதிவுகள், நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்களின் இசை. பலதுக்கு உறையில் பாடினவர் பெயர்கூட கிடையாது. கோத்தர்களின் சீவாளிக் குழலான கொள், கொம்பு, தபட்டை மூன்றும் சேர்ந்து ஒலிக்கும் பதிவு கிடைத்தால் அதுதான் முதலில் கணினிக்கு ஏற வேண்டியது. முன்பு தோடர், படுகர் சடங்குகளுக்கும் வாசித்தது கோத்தர்கள்தான். அதனால் படுகு நிகழ்ச்சி என்று எழுதியிருக்கும் பழைய கேசட்டில் கோத்தர் வாசிப்பு இருக்கலாம். மேலே எழுதியிருப்பதை நம்பி ஒதுக்காமல் இரண்டு பக்கமும் முழுக்க ஓட்டிப் பாருங்கள்.

கொள் பதிவில் ஒரு சிக்கல் உண்டு. சீவாளிக் குழலின் சத்தம் திடீரென்று எகிறும். பாட்டுக் கேசட்டைக் கணினியில் பதியும்போது சத்தத்தின் உச்சம் மைனஸ் 6 டெசிபலில் நிற்கும்படி வைப்போம். இதற்கு மைனஸ் 12 வையுங்கள். 24 பிட்டில் பதிந்தால் அவ்வளவு கீழே வைத்தாலும் இரைச்சல் அதிகமாகாது. ஒருமுறை உச்சம் வெட்டுப்பட்டால் பிறகு எந்த மென்பொருளாலும் முழுசாக மீட்க முடியாது.

கூடலூர்_மழை

எந்த அளவில் பதிவது என்று புதியவர்களுக்கும் சொல்லிவிடுங்களேன்.

அரவேணு

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ. ஒரு மணி நேரம் ஓடும் சி-60 கேசட் இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய ஒரு ஜி.பி. வேவ் கோப்பு வரும், தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பாக ஆக்கினால் பாதி சொச்சம். டெக்கின் லைன்-அவுட்டிலிருந்து யு.எஸ்.பி. ஆடியோ பெட்டியின் லைன்-இன்னுக்குக் கொடுங்கள். மடிக்கணினியின் மைக் துளையில் செருகினால் மோனோவாகப் போகும், இரைச்சலும் சேரும். மென்பொருள் ஆடாசிட்டி போதும்.

இரைச்சல் நீக்கும் வசதியை அசல் கோப்பில் கை வைக்காமல் நகலில் மட்டும் பாருங்கள், அதுவும் 6 டெசிபலுக்கு மேல் வேண்டாம். ‘ஜோதி’ மாதிரி தம்புரா பின்னால் ஓடும் பதிவில் அதிகம் போட்டால் மென்பொருளுக்குத் தம்புராவின் மேல் அதிர்வும் நாடா இரைச்சலும் ஒன்றாகவே தெரியும், இரண்டையும் சேர்த்து அரித்துவிடும். மிஞ்சுவது தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது போன்ற ஒரு சத்தம்.

குளிர்காலக் காலையில் உடனே பதிவைத் தொடங்க வேண்டாம். உறைபனி நாளில் டெக்கின் கிரீஸும் ரப்பரும் இறுகியிருக்கும், வேகம் குறைந்து சுருதி இறங்கும். வேண்டாத கேசட் ஒன்றை 20 நிமிடம் ஓடவிட்டு அப்புறம் தொடங்குங்கள். குளிர்ந்த அறையில் இருந்த கேசட்டைக் கணப்பு போட்ட அறைக்குக் கொண்டுவந்தால் அரை நாள் டப்பாவுக்குள்ளேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் நாடாவில் ஈரம் பூத்துவிடும்.

பூம்பாறை_பூண்டு

பழனிமலையில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது: சுஷீலா ராமனின் ‘வேல்’, 2011. லண்டனில் பிறந்த தமிழ்ப் பெண். 2001-ல் வந்த அவர் முதல் ஆல்பம் ‘சால்ட் ரெயின்’ பிரிட்டனின் மெர்க்குரி இசைப் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. நம்ம ஊரில் அவர் பெயர் சொன்னால் தெரிந்தவர் ரொம்பக் கம்மி. ‘சால்ட் ரெயின்’ கீர்த்தனைகளை நிதானமாக எடுத்துப் பாடியது, ‘வேல்’ முருகன் பாட்டுகளை ஆவேசமாக எடுத்தது. சாம் மில்ஸின் கிதார் இரண்டிலும் உண்டு. கீர்த்தனைப் பழக்கம் உள்ளவர்கள் ‘சால்ட் ரெயி’னில் தொடங்கலாம். காவடி, பாதயாத்திரைப் பாட்டில் ஊறினவர்களுக்கு ‘வேல்’ நேரே உள்ளே போகும். உச்சரிப்பு அங்கங்கே இடறும், அதற்காக விட்டுவிடாதீங்க.

இலங்கைப் பக்கம் நித்தி கனகரத்தினம். ‘சின்ன மாமியே’ எல்லாருக்கும் தெரியும், பாடினது யாரென்று தெரியாது. வீட்டில் அவர் பாடின பழைய இசைத்தட்டு இருந்தால் பத்திரம்.

கூடலூர்_மழை

மலையாளம் புரிகிறவர்களுக்கு ‘அவியல்’ குழுவின் முதல் ஆல்பம், 2008. ‘நட நட’ தெரிந்த பாட்டு. ‘ஆராண்டா’ அதைவிட நல்ல பாட்டு.

இசைத்தட்டு என்று வந்ததால் கழுவும் முறை. ஒரு லிட்டர் வாலை வடிநீர், அதில் 150 மில்லி ஐசோபுரோபைல், ஃபோட்டோ ஃபிலிம் கழுவப் பயன்படுத்தும் நனைப்பான் இரண்டு சொட்டு. பாத்திரம் துலக்கும் சோப்பு வேண்டாம், பள்ளத்தில் படிந்துவிடும். மென்மையான பிரஷ்ஷால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, வெறும் வடிநீரால் அலசி, நிற்கவைத்துக் காய விடுங்கள். நடுச்சீட்டில் ஈரம் படக்கூடாது. பூஞ்சை பிடித்த உள்ளுறைத் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு போடுங்கள்.

முக்கியமான ஒன்று: பழைய 78 சுற்றுத் தட்டுக்கு இந்தக் கலவை ஆகவே ஆகாது. அது அரக்குத் தட்டு. ஆல்கஹாலில் அரக்கு கரைந்து பாட்டே போய்விடும். வடிநீரும் நனைப்பானும் மட்டும், சீக்கிரமாகத் துடைத்து எடுத்துவிட வேண்டும்.

பூம்பாறை_பூண்டு

அலமாரியில் அந்துருண்டை போட்டால் பூஞ்சை வராது என்கிறார்களே?

கோத்தகிரி_டெக்

போடாதீங்க தம்பி. கேசட் பெட்டியும் சி.டி. பெட்டியும் பாலிஸ்டைரீன். அந்துருண்டை ஆவி அதை இளக்கி ஒட்ட வெச்சிடும்.

சிலிக்கா ஜெல்தான் வழி. கூடவே டப்பாவுக்குள்ள ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி. 40–50க்குள்ள நிக்கணும். 55 தாண்டினா ஜெல்லை எடுத்து 120 டிகிரி ஓவன்ல ரெண்டு மணி நேரம் வாட்டி, ஆறினதும் திருப்பிப் போடுங்க. நிறம் மாறற ஜெல் மணியை வாங்கினா பார்த்தாலே தெரிஞ்சிடும். அலமாரியை வெளிச்சுவரோட ஒட்டிப் போடாதீங்க, நாலு விரக்கடையாவது இடைவெளி விடுங்க, அந்தச் சுவர்லதான் ஈரம் இறங்கும். தட்டுகளைப் படுக்க வெச்சு அடுக்கக் கூடாது, நிக்க வைக்கணும். பழைய பி.வி.சி. கவர் போட்டிருந்தா கழட்டிடுங்க, அதுல இருந்து கசியறது தட்டு மேல மங்கலா படியும், கழுவினாலும் போகாது.

குழுக்கள் 2000க்கு அப்புறம் தாங்களே எரிச்சுக் குடுத்த சி.டி.யை கேசட்டுக்கும் முன்னாடி நகலெடுங்க. அதுல இருக்கிற சாயம் மங்கினா டிஸ்க்கை படிக்கவே முடியாது. கேசட் கெட்டாலும் கொஞ்சமாவது பாடும்.

அரவேணு

கடைசியாக, கோப்புக்குப் பெயர் வைப்பது. குழு, ஆல்பம், ஆண்டு, பக்கம், வெளியீட்டு எண் என்ற வரிசை. ஆண்டு உறையில் இல்லாவிட்டால் ஊகித்துப் போடாமல் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். உறையை இரண்டு பக்கமும், உள்தாளையும், கேசட் மேல் ஒட்டிய சீட்டையும் 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து அதே ஃபோல்டரில் போடுங்கள். தபேலா வாசித்தவர் பெயர் பல நேரம் உள்தாளின் கடைசி மடிப்பில் பொடி எழுத்தில்தான் இருக்கும். மடிப்பு கிழிகிற நிலையில் இருந்தால் விரிக்கும் முன்பே ஒரு ஃபோட்டோ எடுத்துவிடுங்கள்.